இடப்பக்கக் கண்ணாடி

எங்கள் கெப்புக்குக் காது மடக்கத் தெரியும். இப்படிச் சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. முன்னால் ஆட்கள் இருக்க இரண்டு வரிசையும், பின்னால் மூட்டை ஏற்றத் திறந்த பெட்டியும் உள்ள வாகனத்தைத்தான் எங்கள் பக்கத்தில் கெப் என்போம். அதன் இரண்டு கதவிலும் வெளியே நீட்டிக்கொண்டு ஒவ்வொரு கண்ணாடி இருக்கும். மருமகன் உள்ளே இருந்து ஒரு சுவிட்சை அமத்தினால் இரண்டு கண்ணாடியும் முனகிக்கொண்டே வந்து கதவோடு ஒட்டிக்கொள்ளும். திரும்ப அமத்தினால் விரியும். மழைக்கு ஆடு காதைப் பின்னால் போடுமே, அதே மாதிரி.

அதைப் பூட்டிய அன்று நான் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டு அமத்தி அமத்திப் பார்த்தேன். மடங்கு என்றால் மடங்கியது, விரி என்றால் விரிந்தது. என் வாழ்நாளில் நான் சொன்னதை இவ்வளவு கெதியாகக் கேட்டது அது ஒன்றுதான். பற்றறி இறங்கிவிடும் மாமி என்று மருமகன் கெஞ்சும் வரைக்கும் நான் விடவில்லை.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள். நான் கதைக்கிறபடியே எழுதச் சொன்னேன், அவள் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழில்தான் எழுதுவேன் என்று நிற்கிறாள். ஆட்கள் வாய்விட்டுச் சொன்னதையாவது சொன்னபடியே போடு என்று ஒரு மாதிரி ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறேன். அப்படிச் செய்கிறாளா என்று பார்க்க எனக்கு வழியில்லை.

கண்ணாடி மடங்கவேண்டி வந்த கதைக்கு வருகிறேன். அது என் தங்கச்சியின் மதிலால் வந்தது.

எங்கள் உம்மாவின் வளவு மருதமுனையில், தெருவில் தொடங்கிக் கடல் பக்கமாக நீண்டு கிடந்தது. எங்கள் ஊர்களில் வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குத்தான் போகும். ஆண்பிள்ளைகள் கலியாணம் முடித்துப் பெண்வீட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் தம்பியும் அப்படித்தான் வரிப்பத்தான்சேனைக்குப் போய் அங்கேயே வயல் செய்துகொண்டு இருந்துவிட்டான். மிச்சம் நாங்கள் இரண்டு பெண்கள். மூத்தவளான எனக்குப் பழைய வீட்டோடு கடல் பக்கத்துப் பின்பாதி. தங்கச்சிக்குத் தெருப்பக்கத்து முன்பாதி, புது வீட்டோடு. அவளுக்கு மட்டும் புதுக் கூரை என்று நான் அப்போதே முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். உனக்குக் கடல் காற்று இருக்கிறது என்று உம்மா சொன்னார். கடல் காற்றைப் பற்றி அப்போது யாருக்கும் பயம் இல்லை.

பின்பாதிக்குப் போக எனக்கு வழி வேண்டும். அதற்காக முன்பாதியின் ஓரத்தில், பள்ளிவாசல் மதிலை ஒட்டி ஓர் ஒழுங்கை விடுவதென்று உம்மா முடிவெடுத்தார். கயிறு பிடித்து அளக்கவில்லை. எங்கள் வயல் நெல்லை ஏற்றுகிற மாட்டு வண்டிக்காரரைக் கூப்பிட்டு, மூட்டை ஏற்றின வண்டியைத் தெருவிலிருந்து எங்கள் வாசல் வரைக்கும் ஓட்டச் சொன்னார். சில்லுப் பதிந்த தடத்துக்கு அங்கால் வேலி போடுங்கள் என்றார். அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு வழி விட்டது அப்படித்தான். வண்டி போனால் வழி, அவ்வளவுதான்.

தடத்தின் ஓரத்தில், சரியாக வேலி வரவேண்டிய இடத்தில், ஒரு ஜம்பு மரம் நின்றது. அதை வெட்ட உம்மாவுக்கு மனம் வரவில்லை. வேலியை மரத்தின் இந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தி, அந்தப் பக்கத்திலிருந்து மீண்டும் தொடங்கச் சொன்னார். மரமே வேலிக்கட்டையாக நின்றது. அது யாருடைய மரம் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒழுங்கைக்குள் விழுந்த பழத்தை நான் பொறுக்குவேன். அவள் வளவுக்குள் விழுந்ததை அவள் பொறுக்குவாள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் நிற்போம். அதில் சண்டையும் வந்திருக்கிறது, ஆனால் அதெல்லாம் பழத்துக்கான சண்டை. பின்னேரத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு ஒரே கோப்பையில் சாப்பிட்டுத் தீர்த்துவிடுவோம்.

கடல் ஊருக்குள் வந்த அன்று, சுனாமி அன்று, நான் ஊரில் இல்லை. தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். உம்மாவும், மகளின் வாப்பாவான என் மனிசரும் அதற்கு முன்னமே மௌத்தாகி மண்ணுக்குள் போயிருந்தார்கள். மருமகன் கல்முனைச் சந்தையில் நின்றார். வீட்டில் மகள் மட்டும், முதல் பிள்ளை வயிற்றில், மாதம் நிறைகிற நேரம். தங்கச்சியின் வீட்டார் தெருப்பக்கம் என்பதால் சத்தம் கேட்டதும் எல்லோரும் தெருவுக்கு ஓடிவிட்டார்கள். தங்கச்சியின் மனிசரும் ஓடினார். பாதித் தெருவில் நின்று, பின்வீட்டில் பிள்ளை தனியே கிடக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு திரும்பினார். கடலைப் பார்த்து ஓடிய ஒரே ஆள் அவர்தான் என்று ஊரில் சொல்வார்கள். என் மகளை இழுத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்திருக்கிறார். அதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. அவளைத் தூக்கிப் பள்ளிவாசல் மதிலில் ஏற்றினார். மாடியில் நின்றவர்கள் அவளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். அவர் ஏறவில்லை, ஏற நேரம் கிடைக்கவில்லை. ஜம்பு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதை மகள் மேலே இருந்து பார்த்திருக்கிறாள். தண்ணீர் வற்றியபோது மரம் நின்றது. அவர் இல்லை. அடக்க ஜனாசாவும் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் மகள் பேனையை வைத்துவிட்டாள். தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வந்துதான் மிச்சத்தை எழுதுகிறாள்.

பிறகு அகதி முகாம், வரிசை, சோற்றுப் பார்சல், வெளிநாட்டுக்காரரின் படம் பிடிப்பு எல்லாம் வந்தன. கடலோரத்தில் ஒரு கோடு போட்டு, அதற்கு அங்கால் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் சொன்னது. எங்கள் வளவு மயிரிழையில் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தது. வீடு கட்டித்தர ஒரு கூட்டமும், மதில் கட்டித்தர இன்னொரு கூட்டமும் வந்தன. மதில்காரர் முந்திவிட்டார்கள். கூரை இல்லாத வீடுகளைச் சுற்றி எங்கள் ஊரில் அழகான மதில்கள் எழும்பின. பார்க்கிறவர்களுக்கு நாங்கள் எதையோ பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறோம் என்று தோன்றியிருக்கும்.

மகள் பிள்ளை பெற்றதால் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த நான் வளவுப் பக்கம் வந்தபோது தங்கச்சியின் மதில் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. நேராக வந்த மதில் ஜம்பு மரத்தடியில் மட்டும் வயிறு தள்ளின மாதிரி ஒழுங்கைக்குள் வளைந்து, மரத்தைச் சுற்றி உள்ளே எடுத்துக்கொண்டு, மறுபடி நேராகப் போயிற்று. ஒரு சாண் அகலம் இருக்கும். மேசனிடம் கேட்டேன். அந்தா நிற்கிற வீட்டுக்காரம்மா சொன்ன மாதிரித்தான் நூல் பிடித்தோம் என்றார். தங்கச்சி மரத்தில் சாய்ந்துகொண்டு நின்றாள். புருசன் மௌத்தானால் வீட்டுக்குள்ளேயே இருக்கிற இத்தாக் காலம் முடிந்து வெளியே வந்த புதிது, எலும்பும் தோலுமாக இருந்தாள்.

"மதில் ஒழுங்கைக்குள்ள வந்திரிக்கி, தங்கச்சி," என்றேன்.

"மரம் என்ட."

"மரம் ரெண்டு பேருக்கும்தான். உம்மா அப்படித்தானே விட்டா."

"ரெண்டு பேருக்கும் எண்டா அவரையும் ரெண்டாப் பிரிப்பமா, ராத்தா?"

 நான் திரும்பி வந்துவிட்டேன். உன் மகள் உயிரோடு இருப்பதற்கு என் மனிசர்தான் விலை என்று அவள் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன், அல்லது கன்னத்தில் அறைந்திருப்பேன். ஏதோ ஒன்று நடந்து முடிந்திருக்கும். அவள் அதைச் சொல்லாமல் மதிலாகக் கட்டி வைத்தாள். போகும்போதும் வரும்போதும் நான் அதைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். ஒழுங்கையில் அந்த ஒரு சாண் ராத்தாவுடையது என்று அவள் வாயால் சொல்லும் வரைக்கும் நான் முதலில் கதைப்பதில்லை என்று இருந்துவிட்டேன்.

இத்தனைக்கும் அந்த மரம் நிற்கவில்லை. உப்புத் தண்ணீர் குடித்த மரம், அடுத்த வருசமே இலை எல்லாம் கொட்டிக் கரிக்கட்டையாகி, கூரையில் விழுந்துவிடும் என்று அவளே ஆள் விட்டு வெட்டினாள். மரம் போய்விட்டதே, வளைவை இடித்து நேராக்கச் சொல்லுங்கள் என்று பள்ளிவாசலை நடத்துகிற மரைக்கார்மாரைப் பிடித்துச் சொல்லி அனுப்பினேன். இடிக்க வேண்டுமென்றால் ராத்தாவே அலவாங்கோடு வரட்டும், நான் அந்த இடத்தில் நிற்கிறேன் என்று பதில் வந்தது. நான் போகவில்லை. அலவாங்கு எங்கள் குசினிக்குள் கதவுக்குப் பின்னால் சாத்தியபடி இருந்தது, கொஞ்சக் காலம்.

தொண்டு நிறுவனங்களுக்கு வாகனம் தேவைப்பட்ட காலம் அது. மருமகன் ஒரு பழைய கெப்பை வாங்கினார். அவர்கள் சாமான் கட்டிக்கொண்டு போனபிறகு நெல், உரம், மருதமுனைத் தறியில் நெய்த சாறன் என்று கிடைத்ததை ஏற்றினார். மாட்டு வண்டி போன வழியில் கெப்பும் போகும், உம்மாவின் கணக்கில் பிழையில்லை. ஆனால் மாட்டு வண்டிக்குக் காது கிடையாது. கெப்பின் உடம்பு வளைவைத் தாண்டிவிடும், கண்ணாடி தாண்டாது. வலப்பக்கக் கண்ணாடியைச் சாரதி ஆசனத்திலிருந்தே கை நீட்டி மடக்கலாம். தங்கச்சியின் மதில் இடப்பக்கம். மருமகன் வளைவுக்கு முன்னால் நிற்பாட்டி, இறங்கி, சுற்றிவந்து மடக்கி, மறுபடி ஏறி, உள்ளே வந்து, இறங்கி விரிக்க வேண்டும். வெளியே போகும்போது பின்னுக்கு எடுப்பார். அப்போதும் அதே மதில், அதே பக்கம், அதே வேலை.

அது கிழக்கில் மறுபடி சண்டை மூண்ட நேரம். பொழுதுபட்ட பிறகு ஓர் ஒழுங்கைக்குள் வாகனம் வந்து நின்று, எஞ்சின் ஓடியபடி இருக்க ஆள் இறங்குகிற சத்தம் கேட்டால், அந்த ஒழுங்கை முழுக்க விளக்கை அணைத்துவிடும். யார் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள், யாரை ஏற்றப் போகிறார்கள் என்று தெரியாது. மருமகன் இறங்கி ஏறும் ஒவ்வொரு தடவையும் நான் கதவுச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பேன். தெருவில் காவலுக்குப் போட்ட சென்றிக்காரர் துவக்கோடு நிற்கிறார்கள். நீ ஏன் இறங்கினாய், மதிலோரம் என்ன செய்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது? என் மாமியின் தங்கச்சி ஒரு செத்த மரத்துக்கு மதில் கட்டியிருக்கிறாள் என்றா?

இப்படி இருக்கும்போது ஒரு நாள் மருமகன் இறங்கவில்லை. வளைவை ஒட்டித் தங்கச்சிக்கு ஒரு சின்னக் கேற் இருந்தது. கெப் வந்து நின்றதும் அந்தக் கேற் திறந்தது. தங்கச்சி வந்தாள், உள்ளங்கையால் கண்ணாடியை ஒரு தள்ளுத் தள்ளினாள். டக் என்று மடங்கியது. குனிந்து உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். கேற்றைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். 

அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். எந்த வாகனம் என்று சத்தத்திலேயே தெரிந்துகொள்வாள். மற்ற வீடுகளில் விளக்கு அணையும்போது அவளுடைய கேற் திறக்கும். மடக்குவதோடு சரி, விரிக்க மாட்டாள். விரிப்பது எங்கள் பாடு. மருமகன் நல்ல மனிசன், உங்கட தங்கச்சி பாவம் மாமி, உதவிக்குத்தானே வாறா என்பார். உதவியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, தன் மதிலில் கீறு விழாமல் பார்க்க வருகிறாள் என்பேன். குனிந்து பார்க்கிறாளே, அது நாங்கள் என்ன சாமான் வாங்கிவருகிறோம் என்று வேவு பார்க்கிறாள் என்பேன். நான் இடப்பக்கம் முன்னால் இருந்தால் அவள் முகம் என் முகத்துக்குக் கிட்ட வரும். நான் நேரே எங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். அவள் என்னைத் தாண்டிப் பின் இருக்கையைத்தான் பார்ப்பாள். வருசக் கணக்கில் எங்களுக்குள் நடந்த கொடுக்கல் வாங்கல் அந்த ஒரு டக் மட்டும்தான்.

ஒரு தடவை அவள் பிள்ளைகளோடு தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். மருமகனுக்கு அது தெரியாது. அவள் கைக்குப் பழகிப்போனவர், வளைவில் நிற்பாட்டி ஒரு கணம் பார்த்துவிட்டு, மடக்கியாயிற்று என்ற நினைப்பில் எடுத்துவிட்டார். இடப்பக்கக் கண்ணாடி மதிலில் மோதிக் குறுக்கே வெடித்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். மதிலுக்கு ஒன்றும் இல்லை. வெளிநாட்டுக்காரரின் சீமெந்து.

அதற்குள் சண்டையும் முடிந்திருந்தது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள், சென்றியில் நின்றவர்கள் போகிற வருகிற வாகனங்களுக்குப் பாற்சோறு கொடுத்தார்கள். எங்கள் ஆட்களும் வாங்கித் தின்றார்கள். பக்கத்து ஊர்களில் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்த தாய்மார் தேடிக்கொண்டேதான் இருந்தார்கள், அவர்களிடம் யாரும் பாற்சோறு கொண்டுபோனதாக நான் கேள்விப்படவில்லை. கொழும்புத் தெரு திறந்தது. மருமகனும் பஞ்சிகாவத்தைக்குப் போனார். பழைய வாகனங்களைக் கழற்றி விற்கிற கடைகள் அங்கே தெரு நீளத்துக்கு இருக்கின்றனவாம். உடைந்த கண்ணாடிக்கு ஒரு கண்ணாடி வாங்கப் போனவர், யப்பானில் இருந்து வந்த, தானாக மடங்குகிற சோடி ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார்.

அதைப் பூட்ட வயரிங் வேலைக்காரர் ஒருவர் வந்தார். முழு நாளும் எங்கள் முற்றத்தில் வேலை நடந்தது. கதவின் உள்மட்டையைக் கழற்றி வைத்தார். கதவுக்குள் அவ்வளவு வெறும் இடம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். கண்ணாடியின் காம்பிலிருந்து பல நிறத்தில் வயர்கள் தொங்கின. பழைய கெப்புக்கு இந்த வசதி இல்லாததால் ஒவ்வொரு வயரும் எங்கே போகவேண்டும் என்று பற்றறியில் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒரு தடவை வலது மடங்க இடது விரிந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டு பெண்பிள்ளைகளைப் பெற்ற வீடு மாதிரி இருக்கிறது என்றேன். அவருக்கு விளங்கவில்லை, மகளுக்கு விளங்கியது, முறைத்தாள். கழற்றின பழைய சோடியைக் கோழிக்கூட்டுக்கு மேலே போட்டு வைத்தோம்.

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, ஒரு சுற்றுப் போய்வருவோம் என்று நானே கேட்டு ஏறினேன். இடப்பக்கம் முன்னால் இருந்தேன். பின்னால் மகள், பிள்ளையோடு. திரும்பி வந்து வளைவில் நின்றோம். கேற் திறந்தது. தங்கச்சி வந்து வழக்கம்போலக் கையை நீட்டினாள். மருமகன் சுவிட்சை அமத்தினார். அவள் கை தொடுவதற்கு முன்னால் கண்ணாடி முனகிக்கொண்டு தானாக மடங்கிப் போயிற்று. நீட்டின கை அப்படியே நின்றது. பிறகு, அதற்காகத்தான் கையைத் தூக்கினது போல, முக்காட்டை முன்னுக்கு இழுத்து விட்டுக்கொண்டாள். குனிந்து உள்ளே பார்க்கவில்லை. கேற் சாத்தப்பட்டது.

நான் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன். எனக்கு அன்று பெருநாள். வருசக் கணக்காக என்னை வளைந்து போகவைத்தவளுக்கு இனி எங்கள் வாகனத்தில் வேலை இல்லை. மருமகன் சிரிக்கவில்லை. வீட்டுக்குள் வந்தபிறகு மகள் சட்டி பானையை வைத்த சத்தத்தில் அவளும் சிரிக்கவில்லை என்று தெரிந்தது.

அதன்பிறகு கேற் திறக்கவில்லை. நாங்கள் எந்த நேரம் வந்தாலும் போனாலும் ஒழுங்கையில் ஒரு காக்கை குருவி இல்லை. தள்ள ஆள் இல்லை, பார்க்க ஆள் இல்லை. கண்ணாடி மடங்கும், விரியும். அதன் முனகல் கொஞ்ச நாளில் எனக்கு எரிச்சலாக வந்தது. எண்ணெய் போட ஏலாதா என்று மருமகனிடம் கேட்டேன். அது அப்படித்தான் மாமி என்றார்.

தங்கச்சிக்கு முன்னமே சீனி வருத்தம் இருந்தது. காலில் ஏதோ குத்தின புண்ணை அவள் யாருக்கும் காட்டவில்லை. ஒரு நாள் விடிய சுபஹ் தொழுது முடிந்த கையோடு அவளுடைய மகள் கேற்றைத் திறந்துகொண்டு எங்கள் முற்றத்துக்கு ஓடிவந்தாள். பெரியம்மா, உம்மாக்குக் காய்ச்சல், கால் கறுத்துப் போச்சு என்றாள். அந்த நேரம் பெரிய தெருவுக்குக் காப்பட் தார் போடுவதற்காக எல்லார் வாசலிலும் தண்ணீர் ஓடுகிற கான் வெட்டிப் போட்டிருந்தார்கள். சண்டை முடிந்ததற்கு எங்களுக்குக் கிடைத்த பரிசு அந்தக் காப்பட் தெரு. தங்கச்சியின் முன்வாசலால் ஆளைத் தூக்க வழியில்லை. எங்கள் ஒழுங்கை வாயில் மட்டும் வாகனம் போகப் பலகை போட்டிருந்தார்கள்.

பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, அவள் மகளும் நானும் என் மகளுமாகத் தூக்கிக்கொண்டு சின்னக் கேற்றால் வெளியே வந்தோம். வளைவில் கதவைத் திறக்க இடம் இல்லை. அதனால் கெப்பை அதற்கு உள்பக்கமாக எங்கள் வாசலோரம் நிற்பாட்டிப் பின் இருக்கையில் கிடத்தினோம். தலை என் மடியில். என் மகள் முன்னால் ஏறினாள். அவள் மகள் உடுப்பு எடுத்துக்கொண்டு பின்னால் வருவதாகச் சொன்னாள். தங்கச்சியின் தலை அவ்வளவு பாரமில்லாமல் இருந்தது. சிறு வயதில் பேன் பார்க்க என் மடியில் படுத்த தலை. அப்போது இதைவிடப் பாரம் என்று நினைக்கிறேன்.

மருமகன் பின்னுக்கு எடுத்தார். வளைவு வந்தது. சுவிட்சை அமத்தினார். கண்ணாடி முனகியது. கண்ணை மூடிக்கிடந்தவள் அந்தச் சத்தத்துக்குத் திறந்தாள்.

"எத்தின வரிசம் நான் மடக்கினன்," என்றாள்.

"உன்ட மதில் உரஞ்சிடும் எண்டு மடக்கின," என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் வாயில் வந்தது.

"மதில ஆரு பாத்த. உன்ட மகளப் பாக்க வந்தன், ராத்தா. அவளக் கண்டா எனக்குக் கோவம் வரும். கோவம் வந்தாத்தான் அவர்ட முகம் ஞாபகத்துக்கு வரும். போட்டோ ஒண்டும் மிஞ்சல்லயே எனக்கு."

முன்னால் இருந்த மகள் திரும்பிப் பார்க்கவில்லை. மருமகன் சுவிட்சில் விரலை வைத்தபடியே தெரு வரைக்கும் பின்னுக்குப் போனார், கண்ணாடியை விரிக்க மறந்துவிட்டார். தெருவில் ஏறிய பிறகும் அது மடங்கித்தான் கிடந்தது.   அந்த ஒரு சாண் நிலத்தைப் பற்றித் தங்கச்சி ஏதாவது சொல்வாள் என்று ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. அவளுக்கு அப்படி ஒன்று இருந்ததே நினைவில் இல்லை போல. நான் ஒருத்திதான் அந்த மதிலோடு இவ்வளவு காலம் சண்டை பிடித்திருக்கிறேன்.

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். உயிரோடு வந்தாள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கேற் வரைக்கும் வர ஏலாது. கட்டிலில் இருந்தால் யன்னலால் மதிலின் உள்பக்கம் தெரியும், வானம் கொஞ்சம் தெரியும், ஒழுங்கை தெரியாது. மருமகன் என்னிடம் வந்து, இனி நான் சுவிட்சைப் போடாமல் சாச்சியைக் கூப்பிட்டு மடக்கச் சொல்லட்டுமா என்றார். மடக்க அவளுக்குக் கால் எங்கே இருக்கிறது மகன் என்றேன்.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் அவளுடைய மகள் வந்து, கெப்பின் பழைய கண்ணாடி கிடக்கிறதா, உம்மா கேட்கிறா என்றாள். நான் கோழிக்கூட்டில் இருந்து இரண்டையும் எடுத்து எச்சம் போகக் கழுவி, நானே கொண்டுபோனேன். அவளைத் தூக்கப் போன அன்றைத் தவிர, அவள் வீட்டு வாசற்படியில் நான் கால் வைத்து எத்தனையோ காலம்.

"இந்தா, வலப்பக்கத்தது நல்லாக் கிடக்கு. இத எடு," என்றேன்.

"உடைஞ்சதத் தா. அதுதான் எனக்குக் கைப்பழக்கம்."

"உடைச்சது உன்ட மதில்."

"அப்ப எனக்குத்தானே சேரும்," என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். என்னை இருக்கச் சொல்லவில்லை. நானும் நின்றபடியே, "வெச்சுப் பாத்துக்கொண்டிரு, ஆரும் மதிலத் தூக்கிக்கொண்டு போறாங்களா எண்டு," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒழுங்கையில் வரும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, இன்னொன்றும் வந்தது.

மருமகன் ஒரு குழாயை மதிலின் வளைவில் இறுக்கி, அதன் நுனியில் அந்தக் கண்ணாடியைப் பூட்டிச் சரித்து வைத்தார். இப்போது கட்டிலில் கிடந்தபடியே அவளுக்கு ஒழுங்கை தெரியும். எங்கள் கெப் வரும்போது கீழே புதுக் கண்ணாடி முனகிக்கொண்டு மடங்குகிறது, மேலே பழைய கண்ணாடி விரிந்தபடி பார்த்துக்கொண்டு நிற்கிறது. அது வெடித்த கண்ணாடி என்பதால் அதில் தெரிகிற எவரும் இரண்டு துண்டாகத்தான் தெரிவார்கள்.

என் மகள் கடைக்குப் போகும்போது அந்த வளைவில் கொஞ்சம் நிற்கிறாள். முகத்தைத் தூக்கி, கண்ணாடிக்குத் தெரிகிற மாதிரி நின்றுவிட்டுப் போகிறாள். கேட்டால் செருப்பில் மண் போயிற்று என்கிறாள். நாளுக்கு நாள் மண் போகிற செருப்பு. இதை எழுத மாட்டேன் என்றாள், நான் விடவில்லை.

நானும் அந்த இடம் வந்ததும் கண்ணாடியைப் பார்த்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டுதான் போவேன். உள்ளே இருந்து அவள் பார்ப்பாள் என்று தெரியும். பார்க்கட்டும். மதில் இன்னும் ஒரு சாண் எங்கள் ஒழுங்கைக்குள்தான் நிற்கிறது.